நோயுற்ற தலைவரைக் காட்டுவதும் மறைப்பதும்

1984 டிசம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் வந்தது. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். ஊரில் இல்லை. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஒரு மருத்துவமனையில் சிறுநீரகச் சிகிச்சையில் இருந்தார். அவர் உயிரோடு இல்லை, அதை மறைக்கிறார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அ.தி.மு.க. அதற்கு மறுப்பு அறிக்கை விட்டதோடு நிற்கவில்லை. மருத்துவமனையிலேயே எம்.ஜி.ஆரைப் படம் பிடித்து, வீடியோ கேசட்டாக்கி, ஊர் ஊராகக் கொண்டுபோய்த் திரையிட்டது. பிரச்சாரத்துக்குத் தலைவர் வரவில்லை, அவருடைய படம் வந்தது. ஆண்டிபட்டியில் போட்டியிட்ட எம்.ஜி.ஆர். தொகுதிப் பக்கமே வராமல் ஜெயித்தார். கட்சிக்கு 132 இடங்கள் கிடைத்தன.

32 ஆண்டுகள் கழித்து அதே கட்சியின் இன்னொரு முதலமைச்சர் மருத்துவமனையில் சேர்ந்தார். 2016 செப்டம்பர் 22 இரவு முதல் டிசம்பர் 5 இரவு வரை 75 நாள் ஜெயலலிதா சென்னை அப்போலோவில் இருந்தார். அந்த 75 நாளில் அவருடைய ஒரு புகைப்படம்கூட வெளியே வரவில்லை. இத்தனைக்கும் அது ஒவ்வொருவர் கையிலும் கேமரா இருந்த காலம்.

ஒரே கட்சி. இரண்டு பேருமே சினிமாவிலிருந்து வந்தவர்கள், கேமராவின் குணத்தை நன்றாக அறிந்தவர்கள். அப்படியிருந்தும் ஒரு முறை படுக்கையைத் திறந்து காட்டினார்கள், மறுமுறை கதவை இறுகச் சாத்தினார்கள். ஒரு தலைவரின் பொதுத்தோற்றம் எப்படிக் கட்டப்படுகிறது, அது எந்த இடத்தில் உடைகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நல்ல வழி என்று நினைக்கிறேன். பொதுவாக பிம்பம் என்றதும் உடை, மேக்கப், விளம்பரம் என்று பேசுவோம். அதெல்லாம் மேல்பூச்சு. தலைவரை எவ்வளவு பக்கத்தில் காட்டுவது, எந்த நிலையில் காட்டுவது, அதை முடிவு செய்கிறவர் யார் என்பவைதான் உண்மையான கேள்விகள். உடம்பு நன்றாக இருக்கும்வரை இந்தக் கேள்விகள் கண்ணுக்குத் தெரியாது. உடம்பு படுத்துவிட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

எம்.ஜி.ஆரின் விஷயத்தில் இது 1984-இல் தொடங்கியதல்ல. 1967 ஜனவரி 12 அன்று நடிகர் எம்.ஆர். ராதா அவரைச் சுட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. பொதுத்தேர்தலுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. எம்.ஜி.ஆர். பரங்கிமலைத் தொகுதியில் தி.மு.க. வேட்பாளர். ஓட்டுக் கேட்டுப் போக முடியாது. கழுத்தில் கட்டுப் போட்டபடி இருக்கும் அவர் படம் சுவரொட்டியாகி மாநிலம் முழுக்கப் போனது. அவர் பரங்கிமலையில் பெரிய வித்தியாசத்தில் வென்றார், தி.மு.க. முதல் முறையாக ஆட்சிக்கு வந்தது. அந்த வெற்றிக்கு அரிசி, மொழிப் போராட்டம், கூட்டணி என்று பல காரணங்கள் உண்டு. சுவரொட்டி மட்டுமே ஆட்சியைக் கொண்டுவந்தது என்று சொன்னால் அது மிகை. ஆனால் அந்தப் படம் வேறொரு காரியத்தைச் செய்தது. அதுவரை திரையில் அடிவாங்கி எழுந்து திருப்பி அடிக்கும் கதாநாயகனைப் பார்த்த மக்கள், நிஜமாகவே அடிபட்டுப் பிழைத்த மனிதரைப் பார்த்தார்கள். திரைக் கதையும் வாழ்க்கையும் ஒன்றோடொன்று கலந்துபோயின.

1984-க்கு முன்பே அவர் போட்டு வைத்த அடித்தளம் பெரியது. 1958-இல் அவரே தயாரித்து இயக்கிய நாடோடி மன்னன் படத்தில், நிறுவனத்தின் சின்னமாக ஓர் ஆணும் பெண்ணும் கறுப்பு சிவப்புக் கொடியை ஏந்தி நிற்பார்கள். கதை ஆரம்பிக்கும் முன்பே கட்சி வந்துவிடும். திரையில் குடிக்க மாட்டார், புகை பிடிக்க மாட்டார், தாயை எதிர்த்துப் பேச மாட்டார். படகோட்டி, ரிக்‌ஷாக்காரர், விவசாயி என்று உழைக்கிறவர்களின் வேடங்கள். திரைக்கு வெளியே மழையில் நனையும் ரிக்‌ஷா ஓட்டுநர்களுக்கு மழைக்கோட்டு வழங்கினார். இதை வெறும் வேஷம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த மழைக்கோட்டை வாங்கிய மனிதருக்கு அது நிஜமான கோட்டு. 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் அவர் தொடங்கிவைத்த சத்துணவும் பிள்ளைகளுக்கு நிஜமான சோறு. பிம்பம் நிலைக்க வேண்டுமானால் அதற்குள் கையில் பிடிக்கக்கூடிய ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

குண்டடிபட்ட பிறகு அவர் குரல் முன்பு போல இல்லை. சொற்கள் தெளிவில்லாமல் வந்தன. வேறொரு நடிகராக இருந்தால் இரவல் குரல் வைத்திருப்பார். அவர் அந்தக் குரலையே படங்களுக்குக் கொடுத்தார், அதே குரலோடு மேடை ஏறினார். கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டது என்பதைவிட, அந்தத் தழுதழுப்பைக் கேட்கும்போதெல்லாம் 1967-ஐ நினைத்துக்கொண்டது என்று சொல்லலாம். அப்புறம் வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வந்தன. கடைசி வரிசையில் நிற்கிறவர்கூட அந்த இரண்டையும் வைத்து ஆளைக் கண்டுகொள்வார். சுவரில் கரித்துண்டால் தொப்பியையும் கண்ணாடியையும் வரைந்தாலே போதும், அது யார் என்று குழந்தை சொல்லும். வயது ஏற ஏற முகம் மாறும், தொப்பியும் கண்ணாடியும் மாறுவதில்லை. 1987 டிசம்பரில் அவரை மெரினாவில் அடக்கம் செய்தபோதும் அவை அவரோடு இருந்தன.

இந்தப் பின்னணியோடு 1984-க்கு வருவோம். அக்டோபர் 5 அன்று அவர் அப்போலோவில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகக் கோளாறு, பக்கவாதம். அதே மாதம் பிரதமர் இந்திரா காந்தி சென்னை வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார். அக்டோபர் 31 அன்று இந்திரா சுட்டுக் கொல்லப்பட்டார். நவம்பர் 5 அன்று எம்.ஜி.ஆர். விமானத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். டிசம்பர் 19 அன்று மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். டிசம்பர் 24 வாக்குப்பதிவு.

இந்த நெருக்கடியில் படத்தை வெளியிடுவது பெரிய துணிச்சல். வயதானவராக, இளைத்தவராக, பேச முடியாதவராக அவரைக் காட்டினால் எதிரிக்கு அதுவே ஆயுதமாகலாம். கட்சியின் மூத்த தலைவர் ஆர்.எம். வீரப்பன் முதலானவர்கள் காட்டலாம் என்றே முடிவெடுத்தார்கள். ஏனென்றால் அடிபட்ட எம்.ஜி.ஆர். மக்களுக்குப் புதியவர் அல்ல. 1967-இல் கட்டோடு பார்த்தவரைத்தான் மறுபடி நோயாளியாகப் பார்க்கிறார்கள். அந்தக் கதையின் அடுத்த காட்சி என்ன என்பது பார்க்கிறவர்களுக்கே தெரியும், அவர் எழுந்து வருவார். வீடியோ கருவி அப்போதுதான் ஊர்களுக்குள் வரத் தொடங்கியிருந்தது. கோயில் திடலிலும் தெருமுனையிலும் டி.வி. பெட்டியை வைத்துக் காட்டினால் அதைப் பார்க்கவே கூட்டம் கூடும் காலம். அதில் தெரிகிறவர் எம்.ஜி.ஆர். என்றால் கேட்கவா வேண்டும்! இந்திரா மறைந்த துக்கமும் காங்கிரஸ் கூட்டணியும் சேர்ந்து அந்தத் தேர்தலை முடித்துவைத்தன. 1985 பிப்ரவரி 4 அன்று அவர் திரும்பி வந்தபோது பரங்கிமலையில் பெருங்கூட்டம் காத்திருந்தது. மேடைக்கு வந்தார், கையசைத்தார். அவர் பேச வேண்டும் என்று அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது, அதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். வீடியோ உண்மையைக் காட்டியது, முழு உண்மையைக் காட்டவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார் என்பதைக் காட்டியது. மறுபடியும் முழுநேரமாக ஆட்சி நடத்த முடியுமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. 1985 முதல் 1987 வரை நோயோடுதான் ஆட்சி நடந்தது. பேச்சு தெளிவாக வரவில்லை, சிகிச்சைக்காக மறுபடியும் அமெரிக்கா போக வேண்டியிருந்தது. யார் அவரைப் பார்க்கலாம், யார் பார்க்க முடியாது என்பதே கட்சிக்குள் பெரிய அதிகாரமாகிவிட்டது. 1987 டிசம்பர் 21 அன்று கத்திப்பாராவில் நேரு சிலைத் திறப்பு விழாவில் ராஜீவ் காந்தியோடு மேடையில் இருந்தார். மூன்று நாளில் காலமானார்.

உலகத்தில் இந்தச் சிக்கலை மிக நீண்ட காலம் சமாளித்தவர் அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1921-இல், 39 வயதில், அவரை நோய் தாக்கியது. போலியோ என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இரண்டு கால்களும் செயலிழந்தன. 1933 முதல் 1945 வரை அதிபராக இருந்தார், நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்குப் போலியோ வந்தது நாட்டுக்குத் தெரியும். ஆனால் அவரால் துணையில்லாமல் நடக்கவே முடியாது என்பதைப் பெரும்பாலோர் உணரவில்லை. கால்களில் எஃகுப் பட்டைகள். ஒரு கையில் தடி, மறு கையால் மகனின் தோளையோ உதவியாளரின் முழங்கையையோ பிடித்துக்கொண்டு, இடுப்பை அசைத்து அசைத்துச் சில அடிகள். சாய்ந்தால் தாங்கும்படி அவருடைய பேச்சு மேடையை முன்கூட்டியே இறுக்கிப் பொருத்திவைப்பார்கள். காரிலிருந்து இறங்கும்போதும் சக்கர நாற்காலியில் இருக்கும்போதும் படம் எடுக்கக் கூடாது என்பது பத்திரிகையாளர்களுக்கான எழுதாத விதி. மீறினால் பாதுகாப்பு அதிகாரிகள் குறுக்கே வந்து நிற்பார்கள். அவர் சக்கர நாற்காலியில் இருக்கும் படங்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன.

அந்த மறைப்பை நான் ஓரளவு புரிந்துகொள்கிறேன். கால் நடக்காதவர் நாட்டை நடத்த முடியாது என்று நம்பிய காலம் அது. அந்த மூடநம்பிக்கைக்கு எதிராக அவருக்குக் கிடைத்த கவசம் அந்த ஏற்பாடு. ஆனால் 1944-இல் நடந்தது வேறு வகை. அந்த ஆண்டு மார்ச்சில் இதய மருத்துவர் ஒருவர் பரிசோதித்து, அவர் இதயம் பழுதாகிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார். மக்களிடம் அது சொல்லப்படவில்லை. அக்டோபரில், ஆள் தேறமாட்டார் என்ற பேச்சை முறியடிக்க, கொட்டும் மழையில் திறந்த காரில் நியூயார்க் நகரத்தை மணிக்கணக்கில் சுற்றிவந்தார். நவம்பரில் ஜெயித்தார். 1945 ஏப்ரல் 12 அன்று இறந்தார், போர் இன்னும் முடியாத நேரத்தில். கால் நடக்காததை மறைத்தது அவருடைய சொந்த விஷயம். நான்காவது பதவிக்காலத்தை முடிக்கும் வலு இதயத்துக்கு உண்டா என்பது ஓட்டுப் போடுகிறவரின் விஷயம். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

பிரிட்டனிலும் இப்படி நடந்தது. 1953 ஜூனில் பிரதமர் சர்ச்சிலுக்குப் பக்கவாதம் வந்தது. மருத்துவர்கள் எழுதிய அறிக்கையில் மூளை ரத்த ஓட்டம் பற்றிய வரியை நீக்கிவிட்டு, அவருக்கு ஓய்வு தேவை என்று மட்டும் வெளியிட்டார்கள். பெரிய பத்திரிகை முதலாளிகள் வாயைத் திறக்கவில்லை.

ஜெயலலிதாவுக்கு வருவோம். இங்கேதான் விஷயம் மிகவும் சிக்கலானது.

அவருடைய அரசியல் பிம்பமும் ஒரு காயத்திலிருந்து எழுந்ததுதான். 1987 டிசம்பரில் ராஜாஜி மண்டபத்தில் எம்.ஜி.ஆர். உடல் வைக்கப்பட்டிருந்தபோது, இரண்டு நாளும் தலைமாட்டிலேயே நின்றார். இறுதி ஊர்வல வண்டியில் ஏற முயன்றபோது கீழே தள்ளப்பட்டார். 1989 மார்ச் 25 அன்று சட்டமன்றத்தில் நடந்த அமளியில் கலைந்த கூந்தலும் கசங்கிய சேலையுமாக வெளியே வந்தார். இந்த அவைக்கு முதலமைச்சராகத்தான் திரும்பி வருவேன் என்றார். 1991-இல் வந்தார்.

வந்த பிறகு அவர் வைத்துக்கொண்ட முதல் விதி, இனி யாரும் தன்னை அந்த நிலையில் பார்க்கக் கூடாது என்பதாக இருந்திருக்க வேண்டும். முதல் ஆட்சிக் காலத்தில் சேலைக்கு மேல் அங்கி அணிந்தார். சாலைகளில் வானளாவிய கட் அவுட்கள். அமைச்சர்கள் காலில் விழுவதும், ஹெலிகாப்டர் வந்தால் அண்ணாந்து கும்பிடுவதும் படங்களாக வந்தன, அவற்றை அவர் தடுக்கவில்லை. தேர்தலில் ஜெயித்தால் போயஸ் கார்டன் வீட்டுப் பால்கனியில் தோன்றிக் கையசைப்பார். கீழே தொண்டர்கள், மேலே அம்மா. அந்தப் பால்கனியின் உயரமே அவருடைய அரசியலின் அளவு. எம்.ஜி.ஆர். கூட்டத்துக்குள் இறங்கிக் கிழவிகளைக் கட்டிப்பிடித்துப் படமெடுத்துக்கொண்டார். ஒரு பெண், அதுவும் கட்சியிலும் அவையிலும் ஆண்களின் கை பட்டு அவமானப்பட்ட பெண், அப்படிச் செய்ய முடியுமா என்று யோசித்துப் பார்க்க வேண்டும். அவருடைய தூரத்தை வெறும் ஆணவம் என்று எழுதித் தள்ளியவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. அந்தத் தூரம் அவருக்குப் பாதுகாப்பாகவும் இருந்தது.

பிற்காலத்தில் அந்தத் தூரம் வேறு வடிவம் எடுத்தது. ஆள் எப்போதாவதுதான் வெளியே வருவார், ஆனால் முகம் எங்கும் இருக்கும். 2013-இல் அம்மா உணவகம், அம்மா குடிநீர், அப்புறம் அம்மா உப்பு. சாப்பிடும் இட்லியில், குடிக்கும் தண்ணீரில், வாங்கும் உப்பில் அவர் இருப்பார். அரசு விழாக்களின் படங்களைச் செய்தி மக்கள் தொடர்புத் துறை எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பும். எந்தக் கோணம், எந்தப் படம் என்பது அங்கேயே முடிவாகிவிடும். கட்டடத் திறப்பு, பாலத் திறப்பு எல்லாம் கோட்டையில் இருந்தபடியே காணொலிக் காட்சி மூலம் நடக்கும். பத்திரிகையாளர் சந்திப்பு அபூர்வம்.

இதெல்லாம் பிம்பத்துக்காகவா, உடல்நலத்துக்காகவா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். இரண்டும் ஒன்றுக்கொன்று உதவின. சொத்துக் குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பர் 27 அன்று தண்டனை, அக்டோபரில் ஜாமீன். அதற்குப் பிறகு ஏழு மாதம் போயஸ் கார்டனை விட்டு வெளியே வரவில்லை. மேல்முறையீட்டில் விடுதலையாகி, 2015 மே 22 அன்று தலைவர்களின் சிலைகளுக்கு மாலை போட வந்ததுதான் முதல் தோற்றம். மறுநாள் பதவியேற்பில் 28 அமைச்சர்கள் பதினான்கு பதினான்கு பேராகச் சேர்ந்து உறுதிமொழி எடுத்தார்கள், விழா சுருக்கமாக முடிந்தது. 2016 தேர்தல் பிரச்சாரத்தில் மேடையில் உட்கார்ந்தபடி உரையைப் படித்தார், வேட்பாளர்கள் கீழே இன்னொரு மேடையில் இருந்தார்கள். கோடை வெயிலில் மணிக்கணக்காகக் காத்திருந்த கூட்டத்தில், விருத்தாசலத்திலும் சேலத்திலும் சிலர் இறந்துபோன செய்திகள் வந்தன. தலைவரின் தோற்றத்தை மட்டுமே மையமாக வைத்துத் திட்டமிட்டால் பார்க்க வருகிறவர்களின் உடம்பு கணக்கில் வராது. இதை லேசாகச் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

2016 செப்டம்பர் 21 அன்று சின்னமலையிலிருந்து விமான நிலையம் வரையிலான மெட்ரோ ரயில் பாதையைக் காணொலி மூலமே திறந்துவைத்தார். மறுநாள் இரவு மருத்துவமனை.

காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்றது முதல் அறிக்கை. வழக்கமான உணவை எடுத்துக்கொள்கிறார் என்றது அடுத்தது. சில நாளில் நோய்த்தொற்று, செயற்கைச் சுவாசம் என்று வார்த்தைகள் கனமாயின. லண்டனிலிருந்தும் எய்ம்ஸிலிருந்தும் மருத்துவர்கள் வந்தார்கள். ஆளுநர் வந்தார், தேசியத் தலைவர்கள் வந்தார்கள், மருத்துவர்களையும் அமைச்சர்களையும் பார்த்துவிட்டுப் போனார்கள். வதந்தி பரப்பியதாகப் பலர் மீது வழக்குப் பதிவானது, சிலர் கைதானார்கள். ஒரு படத்தை வெளியிட்டால் வதந்தி நின்றுவிடும் என்று கருணாநிதி கேட்டார். வரவில்லை. அமைச்சரவைக் கூட்டம் மூத்த அமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் தலைமையில் நடந்தது, மேசை மேல் ஜெயலலிதாவின் புகைப்படம் வைக்கப்பட்டிருந்தது. இடைத்தேர்தல் வேட்பாளர்களுக்கான சின்னம் ஒதுக்கும் படிவங்களில் கையெழுத்துக்குப் பதில் அவருடைய கைரேகை இருந்தது. நவம்பர் 13 அன்று, மக்களின் பிரார்த்தனையால் மறுபிறவி எடுத்திருப்பதாக அவர் பெயரில் ஓர் அறிக்கை வந்தது. டிசம்பர் 5 மாலை அவர் இறந்துவிட்டதாகத் தொலைக்காட்சிகள் சொல்லின, கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது, பிறகு மருத்துவமனை மறுத்தது, கொடி மறுபடி ஏறியது. இரவு 11.30-க்கு இறந்தார் என்று அறிவிப்பு வந்தது.

ஏன் ஒரு படம்கூட இல்லை? அவரே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அவருக்கு அதற்கான உரிமை இருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாகக் கட்டிக் காத்த தோற்றத்தை மருத்துவமனை உடையில் கலைக்க எந்தப் பெண்ணும், எந்த மனிதரும் விரும்ப மாட்டார். பிரச்சினை அதற்கு முந்தைய இடத்தில் இருக்கிறது. எம்.ஜி.ஆரின் பிம்பத்தில் நோய்க்கு இடம் இருந்தது. ஜெயலலிதாவின் பிம்பத்தில் அந்த இடத்தை அவரும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் 1991-க்குப் பிறகு விட்டுவைக்கவே இல்லை. சோர்வாக, வயதாக, உதவி தேவைப்படுகிறவராக அவரை மக்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதனால் உண்மை வந்தபோது அதைச் சொல்வதற்கான மொழியே கட்சியிடம் இல்லை.

காட்டப்படாத உடம்பை அதன் பிறகு ஆளாளுக்குக் கையில் எடுத்தார்கள். ராஜாஜி மண்டபத்தில் 29 ஆண்டுகளுக்கு முன் ஜெயலலிதா நின்ற அதே இடத்தில் அவர் உடலருகே தோழி சசிகலாவும் சசிகலாவின் உறவினர்களும் நின்றார்கள். உடலருகே நிற்கிறவரே வாரிசு என்ற பாடத்தை அந்த மண்டபம் ஏற்கெனவே கற்றுக்கொடுத்திருந்தது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் பிரச்சாரத்தில், சசிகலா தரப்பிலிருந்து பிரிந்த பன்னீர்செல்வம் அணியினர் ஜெயலலிதாவின் சவப்பெட்டி போல ஒரு மாதிரியைச் செய்து வண்டியில் வைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்டார்கள். பணப் பட்டுவாடா புகாரில் அந்தத் தேர்தல் ரத்தானது. டிசம்பர் 21-க்கு மறுபடி தேதி குறித்தார்கள். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், அங்கே போட்டியிட்ட, சசிகலாவின் அக்கா மகன் டி.டி.வி. தினகரன் தரப்பிலிருந்து ஒரு வீடியோ வெளியானது. மருத்துவமனைப் படுக்கையில் ஜெயலலிதா சாய்ந்து உட்கார்ந்து ஏதோ பருகிக்கொண்டிருக்கிறார். 75 நாள் கேட்டும் கிடைக்காத படம் அது. அவர் இறந்து ஓராண்டு கழிந்து, அவர் சம்மதத்தைக் கேட்க முடியாத நேரத்தில், ஒரு தொகுதியின் ஓட்டுக்காக வந்தது. தினகரன் 40,000-க்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். வீடியோவால்தான் வென்றாரா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அதைப் பார்த்தபோது, தன் முகத்தை எப்போது யார் பார்க்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் தானே முடிவு செய்த ஒருவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் செய்ய முடியாது என்று தோன்றியது. அந்த எண்ணம் இன்னும் மாறவில்லை.

சட்டமும் தன் பங்குக்கு வந்தது. வேட்பாளர் படிவத்தில் இருந்த அந்தக் கைரேகையை ஏற்க முடியாது என்று, 2016 இடைத்தேர்தலில் அ.தி.மு.க. பெற்ற திருப்பரங்குன்றம் வெற்றியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 மார்ச்சில் செல்லாததாக்கியது. மரணம் பற்றி விசாரிக்க 2017-இல் அமைத்த ஆறுமுகசாமி ஆணையம் 2022 ஆகஸ்டில்தான் அறிக்கை கொடுத்தது. இறந்த நேரம் பற்றிக்கூட அது அதிகாரபூர்வ அறிவிப்பிலிருந்து மாறுபட்டது. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த எய்ம்ஸ் மருத்துவக் குழு, சிகிச்சை சரியாகவே இருந்தது என்று அதே மாதம் சொல்லியது. சிகிச்சை சரியாக இருந்திருந்தால், அது சரியாக இருக்கிறது என்று அன்றே நம்ப வைத்திருக்க முடியாதா? ஐந்து ஆண்டு விசாரணை, பிரிந்துபோன கட்சி, இன்றுவரை டீக்கடையில் ஓயாத சந்தேகம், இவையெல்லாம் அந்த மௌனத்துக்குக் கொடுத்த விலை.

தி.மு.க. இதையெல்லாம் எதிர்வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. கருணாநிதி 2009-இல் முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சக்கர நாற்காலிக்கு மாறினார், அதை மறைக்கவில்லை. முதலமைச்சராக அதில்தான் கோட்டைக்கு வந்தார், அதிலிருந்தே தேர்தல் பிரச்சாரம் செய்தார். மஞ்சள் துண்டும் கறுப்புக் கண்ணாடியும் போல நாற்காலியும் அவர் தோற்றத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. ரூஸ்வெல்ட்டின் காலத்தில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாதது அது. 2016 இறுதியில் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்திய பிறகு பேச்சு நின்றுபோனது. பேச்சையே ஆயுதமாகக் கொண்டவர் பேசாமல் உட்கார்ந்திருப்பதையும் தொண்டர்கள் பார்த்தார்கள். 2018 ஜூன் 3 பிறந்தநாளில் கோபாலபுரம் வீட்டு வாசலில் கையசைத்தார். ஜூலை இறுதியில் காவேரி மருத்துவமனையில் சேர்ந்தபோது, வெங்கையா நாயுடு வந்து பார்த்த படமும் ராகுல் காந்தி படுக்கையருகே நின்ற படமும் உடனே வெளியாயின. வெளியே இரவு பகலாகத் தொண்டர்கள் 'எழுந்து வா தலைவா' என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 7 அன்று அவர் இறந்தார். துக்கம் இருந்தது, மெரினாவில் இடம் கேட்டு வழக்கு நடந்தது. மரணத்தில் மர்மம் என்ற பேச்சு எழவே இல்லை.

அவரும் பிம்பத்தின் கணக்கு தெரியாதவர் இல்லை. 2001 ஜூன் 30 அதிகாலையில் காவல் துறை அவரை வீட்டிலிருந்து இழுத்துப் போன காட்சியைச் சன் டி.வி. மறுபடி மறுபடி ஒளிபரப்பியது, 77 வயது முதியவரின் அலறல் நாடு முழுவதும் கேட்டது. பலவீனத்தைக் காட்டுவதும் அரசியலாகும். 1967 சுவரொட்டியும் அதுதான். எனவே காட்டியவர்கள் நேர்மையானவர்கள், மறைத்தவர்கள் மோசமானவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பதவியில் இருக்கிறவர் நோயுற்றால் மக்களுக்கு அவருடைய படுக்கைப் படம் தேவையில்லை. அவரால் கோப்புகளைப் படித்து முடிவெடுக்க முடிகிறதா, முடியாவிட்டால் யார் எடுக்கிறார்கள் என்ற செய்தி தேவை. இங்கே படம் கேட்கிறார்கள் என்றால், அந்தச் செய்தியை வேறு எந்த வழியிலும் பெற முடியவில்லை என்பதால்தான்.

அமெரிக்கா, கென்னடி கொல்லப்பட்ட பிறகு, 1967-இல் தன் அரசியல் சாசனத்தில் 25-ஆவது திருத்தத்தைச் சேர்த்தது. அதிபர் செயலற்றுப்போனால் அதை யார் அறிவிப்பது, அவர் மறுத்தால் யார் தீர்ப்பது என்று அது வரையறுக்கிறது. இந்திய அரசியல் சாசனத்தில் முதலமைச்சருக்கோ பிரதமருக்கோ அப்படி ஒரு பிரிவு கிடையாது. 2016 அக்டோபர் 11 அன்று ஜெயலலிதாவின் துறைகள் பன்னீர்செல்வத்திடம் போனபோது, ஆளுநர் 166-ஆவது பிரிவின் 3-ஆம் உட்பிரிவைப் பயன்படுத்தினார். அமைச்சர்களுக்கு வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பதற்கான சாதாரண விதி அது. முதலமைச்சரின் ஆலோசனைப்படியே இந்த மாற்றம் என்றது ஆளுநர் மாளிகை. செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர் எப்படி ஆலோசனை சொன்னார் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அதற்குப் பதில் வரவில்லை, சாசனத்தில் அந்த இடம் இன்றும் காலியாகவே இருக்கிறது.